ஜர்னல்டியா, ஆர்சிஸ்லாகா, சிஸ்லாக்-என்ஜியா? சர்வர் லாக்குக்கு எதை வைப்பது

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 புதிதாகப் போட்டவர்கள் பலர் முதல் நாளே ஒரு இடத்தில் திகைத்து நிற்கிறார்கள். சர்வரில் நடப்பவற்றின் பதிவுகள், அதாவது லாக் கோப்புகள், இருக்க வேண்டிய /வார்/லாக் அடைவுக்குள் போய்ப் பார்த்தால் பழகிய 'சிஸ்லாக்' கோப்பும் இல்லை, 'ஆத்.லாக்' கோப்பும் இல்லை. லாக்கைப் படித்து, திரும்பத் திரும்ப லாகின் முயற்சி செய்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் நிறுவினால் அது கிளம்பவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் அது படிக்க வேண்டிய கோப்பே அங்கே கிடையாது. 2023-இல் வந்த அந்தப் பதிப்பிலிருந்து, லாக்கை எழுத்துக் கோப்புகளில் எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை. சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு வரும் ஜர்னல்டிதான் லாக் முழுவதையும் வைத்துக்கொள்கிறது. ஃபெடோரா இதே முடிவை 2013-இல், 20-ஆம் பதிப்பிலேயே எடுத்துவிட்டது. உபுண்டு சர்வரும் ரெட் ஹேட்டும் ஜர்னல்டியையும் ஆர்சிஸ்லாகையும் சேர்த்தே ஓட்டுகின்றன.

ஆகவே கேள்வி வருகிறது: ஜர்னல்டி மட்டும் போதுமா, ஆர்சிஸ்லாகைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமா, அல்லது மாற்றுவதுதான் மாற்றுகிறோம், ஆர்சிஸ்லாக் போன்ற இன்னொரு மென்பொருளான சிஸ்லாக்-என்ஜிக்கே போய்விடலாமா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றும் நன்றாக எழுதப்பட்ட மென்பொருள்கள். மூன்றுமே சில சூழ்நிலைகளில் செய்திகளைத் தொலைக்கும். எது எந்த இடத்தில் தொலைக்கும் என்று தெரிந்துகொண்டு, அந்த இழப்பு உங்களுக்குத் தாங்குமா என்று பார்த்து எடுப்பதுதான் சரியான தேர்வு. வேகம், வசதிப் பட்டியல் எல்லாம் அதற்கு அப்புறம்.

(கட்டளைகளையும் கான்ஃபிக் வரிகளையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். கோப்பில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.)

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி: மெஷின் செத்த பிறகு லாக் எங்கே இருக்கும்? நாம் லாக்கைத் தேடுவதே ஏதோ கெட்டுப்போன பிறகுதான். டிஸ்க் போயிருக்கலாம், கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பேனிக் ஆகியிருக்கலாம், உள்ளே புகுந்தவன் தடயத்தை அழித்திருக்கலாம். கடைசி ஐந்து நிமிட லாக் அந்த மெஷினிலேயே இருந்து, அந்த மெஷினே கையில் இல்லை என்றால், லாக் எடுத்ததில் பயனில்லை.

இரண்டாவது, வேறு மெஷினுக்கு லாக் அனுப்புகிறீர்கள் என்றால், நடுவில் நெட்வொர்க் அறுந்தால் என்ன ஆகும்? தேங்கி நின்று பிறகு போகுமா, தூக்கி எறியப்படுமா, அல்லது அனுப்ப முடியாத காரணத்தால் உள்ளூரில் எழுதுவதும் சேர்ந்து நின்றுபோகுமா? இந்த மூன்றாவது விளைவைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை.

மூன்றாவது, எத்தனை நாள் லாக் நிற்கும்? இந்தியாவில் நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயமாக இல்லை. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, எல்லாக் கணினி அமைப்புகளின் லாக்கையும் எப்போதும் கடைசி 180 நாட்களுக்குப் பாதுகாப்பாக வைத்திருக்கச் சொல்கிறது. கடிகாரத்தை என்டிபி (நெட்வொர்க் வழியே நேரம் ஒத்திசைக்கும் முறை) வழியாகச் சரியாக வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில்தான் இருக்கிறது. இந்த 180 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேர்வும் இயல்பு அமைப்பில் அதற்கு உத்தரவாதம் தருவதில்லை.

நான்காவது, நடுராத்திரியில் அதைப் படிக்கப்போவது யார், கையில் எந்தக் கருவியோடு? ஐந்தாவது, நீங்கள் வேலை மாறிப் போன பிறகு அந்தக் கான்ஃபிக்கைப் பார்க்கிறவருக்கு அது புரியுமா?

## ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது

ஒப்பிடும் முன், லாக் செய்திகளுக்கான பழைய பொது வடிவமான சிஸ்லாக்கில் ஒரு வரியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

<38>மார்ச் 3 02:11:47 டிபி2 எஸ்எஸ்ஹெச்டி[2214]: ஆக்செப்டட் பப்ளிக்கீ ஃபார் பேக்கப் ஃப்ரம் 10.0.0.7

முன்னால் இருக்கும் 38-ஐ எட்டால் வகுத்தால் ஈவு 4, மீதி 6. ஈவு, எந்த வகைச் செய்தி என்பதைச் சொல்கிறது: 0 கர்னல், 2 மெயில், 3 டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்), 4 ஆத் (லாகின்), 9 கிரான் (நேரம் குறித்த வேலைகள்), 16 முதல் 23 வரை நம் சொந்தத் தேவைக்கான லோக்கல்0 முதல் லோக்கல்7. மீதி, எவ்வளவு தீவிரம் என்பது: 0 என்றால் எமர்ஜென்சி, 3 எரர், 4 வார்னிங், 6 இன்ஃபோ, 7 டீபக். எண் சிறிதானால் ஆபத்து பெரிது. இந்த அமைப்பு எரிக் ஆல்மன் 1980-களில் பெர்க்லியில் சென்ட்மெயிலுக்காக எழுதியது. இன்றும் சுவிட்ச், ஃபயர்வால், பிரிண்டர் எல்லாம் இதே மொழியைத்தான் பேசுகின்றன.

இப்போது அந்த நேரத்தைப் பாருங்கள். வருடம் இல்லை. எந்த நேர மண்டலம் என்றும் இல்லை. நடைமுறையில் இருந்ததை 2001-இல் ஆவணமாக்கிய ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 3164-இன் வடிவம் இது. 2009-இல் வந்த ஆர்எஃப்சி 5424 இரண்டையும் சேர்த்தது. அப்படியிருந்தும் பழைய வடிவம் இன்னும் எங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னையில் ஒரு சர்வரும் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஒரு கிளவுட் மெஷினும் வைத்து, இரண்டின் லாக்கையும் ஒரே கோப்பில் கொட்டினால், ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் நிகழ்வுகள் கலைந்து கிடக்கும். எந்த டீமனைத் தேர்ந்தெடுத்தாலும் புது நேர வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டெபியன் 12-இன் ஆர்சிஸ்லாக் இயல்பாகவே மாறிவிட்டது. பழைய வடிவத்தை நம்பி ஆக், கட் கட்டளைகளை வைத்து எழுதிய ஸ்கிரிப்டுகள் அந்த மாற்றத்தில் உடையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

## தேர்வு 1: ஜர்னல்டி மட்டும்

2011 நவம்பரில் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் அறிவித்தபோது இதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. லாக் என்பது சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்க வேண்டும், பைனரியாக இருக்கக்கூடாது என்பதுதான் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இதன் பலம்.

ஒரே மெஷினில் உட்கார்ந்து பிரச்சினை தேடும்போது இதற்கு இணை கிடையாது. 'ஜர்னல்சிடிஎல் -யூ என்ஜின்எக்ஸ் -பி -1 -ப்பி எரர்' என்று தட்டினால், போன தடவை பூட் ஆகி அணைந்தது வரை, வலை சர்வரான என்ஜின்எக்ஸ் சொன்ன எரர்கள் மட்டும் வரும் (-பி பூட்டுக்கு, -ப்பி பிரையாரிட்டிக்கு). எழுத்துக் கோப்பில் இதைத் தேட எத்தனை முறை கிரெப் (வரி தேடும் கட்டளை) போட வேண்டும் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். செய்தியை அனுப்பிய புராசஸின் எண், பயனர், சர்வீஸ் ஆகியவற்றைக் கர்னலிடமிருந்தே கேட்டுப் பதிவதால், அந்த விவரங்களில் ஒரு புராசஸ் தன்னை வேறொரு சர்வீஸ் என்று பொய் சொல்லிக்கொள்ள முடியாது. அண்டர்ஸ்கோரில் தொடங்கும் புலங்கள் எல்லாம் அப்படிப் பதிந்தவை. பழைய சிஸ்லாக் வரியில் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் போடலாம்.

இப்போது இது எங்கெங்கே தொலைக்கும் என்று பார்ப்போம்.

முதல் இடம், ரீபூட். இயல்பு அமைப்பில் /வார்/லாக்/ஜர்னல் என்ற அடைவு இருந்தால் டிஸ்கில் எழுதும். இல்லாவிட்டால் /ரன்/லாக்/ஜர்னலில், அதாவது மெமரியில் வைத்துக்கொள்ளும். ரெட் ஹேட் 7, 8, 9-இல் அந்த அடைவு இயல்பாக இருக்காது. அங்கே ஆர்சிஸ்லாக் இருப்பதால் தப்பிக்கிறோம். "எதற்கு இரண்டு" என்று ஆர்சிஸ்லாகை நீக்கினால், அதன் பிறகு பதிவான லாக் அத்தனையும் அடுத்த ரீபூட்டில் போய்விடும்.

இரண்டாவது, திடீர் மரணம். கிரிட்டிக்கலும் அதற்கு மேலும் உள்ள செய்திகளை உடனே டிஸ்கில் உறுதி செய்யும். மற்றவற்றை 5 நிமிடத்துக்கு ஒருமுறைதான். கர்னல் அதற்கு முன்பே எழுதியிருக்கக்கூடும், ஆனால் உத்தரவாதம் கிடையாது. மெஷின் விழுவதற்கு முந்தைய நிமிடங்களின் இன்ஃபோ, வார்னிங் வரிகள்தான் பெரும்பாலும் காரணத்தைச் சொல்பவை. தொலைய வாய்ப்புள்ளவையும் அவையே.

மூன்றாவது, வெள்ளம். ஒரு சர்வீஸ் 30 விநாடியில் 10,000 செய்திகளைத் தாண்டினால் மிச்சத்தைக் கைவிட்டு, 'இத்தனை செய்திகள் அடக்கப்பட்டன' என்று ஒரு வரி மட்டும் எழுதும். டிஸ்கில் காலி இடம் அதிகமிருந்தால் இந்த வரம்பு கொஞ்சம் தளரும். டேட்டாபேஸ் சிக்கலில் கத்திக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த வரம்பு பாயும்.

நான்காவது, டிஸ்க் வரம்பு. கோப்பு முறைமையில் 10 சதவீதம், அல்லது 4 ஜிபி, எது குறைவோ அதுவரைதான் வைத்திருக்கும். அதற்கு மேல் போனால் பழையது அழியும். பிஸியான சர்வரில் 4 ஜிபி பத்து நாளில் தீரலாம். 'மேக்ஸ்ரிடென்ஷன்செக்' என்று ஓர் அமைப்பு இருப்பதைப் பார்த்து, "180 நாள் என்று போட்டால் முடிந்தது" என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அதிகபட்சம். 180 நாளுக்கு மேல் வைத்திருக்காதே என்று அதற்குப் பொருள். குறைந்தபட்சம் இத்தனை நாள் வைத்திரு என்று ஜர்னல்டியிடம் சொல்ல வழியே இல்லை, இடத்தைப் பெரிதாகக் கொடுப்பதைத் தவிர.

இதையெல்லாம் ஓரளவு சரிசெய்ய, /ஈடிசி/சிஸ்டம்டி/ஜர்னல்டி.கான்ஃப்.டி அடைவில் ஒரு சின்னக் கோப்பு போதும்:

[ஜர்னல்]
ஸ்டோரேஜ்=பெர்சிஸ்டென்ட்
சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=20ஜி
சிங்க்இன்டர்வல்செக்=30எஸ்

அதிகம் பேசும் சர்வீஸ் ஒன்றே ஒன்று என்றால், வெள்ள வரம்பை மொத்தமாகத் திறந்துவிடாமல், அந்த சர்வீஸின் யூனிட் கோப்பில் 'லாக்ரேட்லிமிட்பர்ஸ்ட்' மட்டும் கூட்டுங்கள்.

பைனரி வாதத்துக்கு வருவோம். பூட் ஆகாத மெஷினின் டிஸ்கைக் கழற்றி வேறொரு லினக்ஸ் மெஷினில் மாட்டி, ஜர்னல்சிடிஎல்லுக்கு '--டைரக்டரி' கொடுத்தால் படிக்கலாம். ஆக, படிக்கவே முடியாது என்பது சரியில்லை. ஆனால் அந்த இன்னொரு மெஷினில் சிஸ்டம்டி இருக்க வேண்டும். ரெஸ்க்யூ பென்டிரைவில் சிஸ்டம்டி இல்லாத ஆல்பைன் லினக்ஸ்தான் இருக்கிறது என்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

வெளியே அனுப்ப இதற்கும் சொந்தமாக ஒரு வழி இருக்கிறது: ஜர்னல்-அப்லோட் என்ற சர்வீஸ், ஜர்னல்-ரிமோட்டுக்கு 19532 போர்ட் வழியாக அனுப்பும், விட்ட இடத்திலிருந்து தொடரவும் செய்யும். ஆனால் உங்கள் சுவிட்சும் ஃபயர்வாலும் அந்த மொழி பேசாது. அவற்றுக்காக எப்படியும் ஒரு சிஸ்லாக் டீமன் தேவைப்படும் என்பதால் பலரும் இந்த வழிக்குப் போவதில்லை.

## தேர்வு 2: ஜர்னல்டியோடு ஆர்சிஸ்லாக்

ஜெர்மனியின் ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் 2004-இல் பழைய சிஸ்கேலாக்டியிலிருந்து பிரித்தெடுத்து வளர்த்தது ஆர்சிஸ்லாக். உபுண்டுவிலும் ரெட் ஹேட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது என்பதே இதன் பெரிய பலம். புது ரெப்போ (மென்பொருள் களஞ்சியம்), புது அனுமதி எதுவும் வேண்டாம். அடுத்து வருகிற நிர்வாகிக்கும் பழக்கமானது. எழுத்துக் கோப்பு கிடைக்கும், கிரெப்பும் டெயிலும் வேலை செய்யும், ஃபெயில்2பேனும் கிளம்பும். (ஃபெயில்2பேனுக்காக மட்டும் ஆர்சிஸ்லாகை நிறுவத் தேவையில்லை. அதன் பேக்எண்டை 'சிஸ்டம்டி' என்று மாற்றி, பைதான்3-சிஸ்டம்டி பொதியை நிறுவினாலே போதும்.)

மறைமுகச் செலவுகளில் முதலாவது, ஒரே லாக் இரண்டு இடத்தில் கிடப்பது. ஜர்னலில் ஒன்று, /வார்/லாகில் ஒன்று. சின்ன டிஸ்க் உள்ள மெஷினில் இது உறுத்தும். ஜர்னலை மெமரியில் மட்டும் வைத்துக்கொண்டு கோப்புகளை ஆர்சிஸ்லாகிடம் விடலாம்.

இரண்டாவது செலவு, கான்ஃபிக் மொழி. ஆர்சிஸ்லாகில் மூன்று தலைமுறை எழுத்து முறைகள் ஒன்றாக வாழ்கின்றன: 'மெயில்.எரர்' என்று தொடங்கும் பழைய வரி, டாலர் குறியோடு தொடங்கும் இடைக்கால வரி, அடைப்புக்குறிகளோடு வரும் ரெய்னர்ஸ்கிரிப்ட். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பாதி இடைக்கால வரிகளால் ஆனவை. அவற்றை வெட்டி ஒட்டினால் ஓடத்தான் செய்யும். ஆனால் டாலர் வரிகளில் எது எந்த ஆக்ஷனுக்கு (செய்தியை என்ன செய்வது என்ற கட்டளை) பொருந்தும் என்பது அவை எழுதப்பட்ட வரிசையைப் பொறுத்தது. நடுவில் ஒருவர் ஒரு வரியைச் செருகினால் அர்த்தம் மாறிவிடும். புதிதாக எழுதுவதை ரெய்னர்ஸ்கிரிப்டிலேயே எழுதுங்கள். பழைய வடிவில் வைத்திருக்கத் தகுந்தது 'ஆத்.இன்ஃபோ' போன்ற எளிய தேர்வு வரி மட்டும்தான். அது இன்ஃபோவும் அதைவிடத் தீவிரமான அத்தனையும் என்று பொருள்படும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். வேறு மெஷினுக்கு லாக் அனுப்ப, '@@10.0.0.20' என்று ஒரே வரி போதும் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். ஒரு @ என்றால் யூடிபி (சேர்ந்ததா என்று பாராமல் அனுப்புவது), இரண்டு என்றால் டிசிபி (இணைப்பு ஏற்படுத்தி அனுப்புவது). அந்த ஒரு வரியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். எதிர் முனை விழுந்தால் ஆர்சிஸ்லாக் அந்த ஆக்ஷனை நிறுத்திவைத்துவிட்டு, அந்த நேரத்தில் வந்த செய்திகளை அனுப்பாமல் விட்டுவிடும். யாருக்கும் தெரியாது. இதைக் கண்டுபிடித்தவர்கள் அடுத்துச் செய்வது, விடாமல் முயற்சி செய் என்று ரீட்ரை எண்ணை -1 ஆக்குவது. தனி வரிசை (செய்திகள் காத்திருக்கும் க்யூ) வைக்காமல் அதை மட்டும் செய்தால் நிலைமை இன்னும் மோசம். அனுப்பும் ஆக்ஷன் காத்துக்கொண்டே நிற்கும், அதற்குப் பின்னால் முதன்மை வரிசை நிரம்பும், கடைசியில் அந்த மெஷினிலேயே எழுத வேண்டிய கோப்புகளும் நின்றுபோகும். லாக் சர்வர் விழுந்ததால் எல்லா சர்வரிலும் லாக் நின்றது என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும்:

ஆக்ஷன்(டைப்="ஓஎம்எஃப்டபிள்யூடி"
டார்கெட்="10.0.0.20" போர்ட்="514" ப்ரோட்டோகால்="டிசிபி"
க்யூ.டைப்="லிங்க்ட்லிஸ்ட்"
க்யூ.ஃபைல்நேம்="ஃபார்வர்ட்1"
க்யூ.மேக்ஸ்டிஸ்க்ஸ்பேஸ்="2ஜி"
க்யூ.சேவ்ஆன்ஷட்டவுன்="ஆன்"
ஆக்ஷன்.ரெஸ்யூம்ரீட்ரைகவுன்ட்="-1")

ஃபைல்நேம் கொடுத்தால்தான் மெமரி நிரம்பியதும் டிஸ்கில் தேங்கும். அந்த ஒரு வரியை விட்டால் வரிசை மெமரியோடு நின்றுவிடும். எழுதி முடித்ததும் 'ஆர்சிஸ்லாக்டி -என்1' ஓட்டிப் பிழை பார்த்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரெட் ஹேட்டில் வழக்கத்தில் இல்லாத போர்ட்டைப் பயன்படுத்தினால் அதன் பாதுகாப்பு அமைப்பான எஸ்இலினக்ஸ் தடுக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் சாதாரண டிசிபியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். இணைப்பு அறுந்த கணத்தில் கர்னலின் பஃபரில் இருந்த சில செய்திகள் போய்விடும். அனுப்பியவர் அனுப்பியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருப்பார், பெற்றவருக்கு வந்திருக்காது. அதற்காகவே கெர்ஹார்ட்ஸ் ஆர்ஈஎல்பி என்ற நெறிமுறையை உருவாக்கினார். ஒவ்வொரு செய்திக்கும் வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை வரும். பணப் பரிவர்த்தனை, தணிக்கை சம்பந்தப்பட்ட லாக் என்றால் இதை எடுங்கள். இரு முனையிலும் ஆர்சிஸ்லாக் வைப்பதே எளிது.

ரெட் ஹேட்டில் இன்னொரு நுணுக்கம். அங்கே ஆர்சிஸ்லாக், ஐஎம்ஜர்னல் என்ற மாட்யூல் வழியாக ஜர்னலைப் படிக்கிறது. அதற்குத் தனியாக ஒரு வரம்பு: 600 விநாடிக்கு 20,000 செய்திகள். ஜர்னல்டியின் வரம்பைத் தளர்த்திவிட்டு இதை அப்படியே விட்டால், ஜர்னலில் இருப்பது கோப்பில் இருக்காது.

நாள் கணக்கு இங்கே, லாக் கோப்புகளைச் சுழற்றிப் பழையதை அழிக்கும் லாக்ரொட்டேட்டின் கையில் இருக்கிறது. டெபியனில் இயல்பாக வாரம் ஒருமுறை, நான்கு பிரதிகள், அதாவது ஏறத்தாழ ஒரு மாதம். 'ரொட்டேட் 26' என்றால் 182 நாள். நான் 27 போடச் சொல்வேன், விளிம்பில் நிற்க வேண்டாம். 'காப்பிட்ரன்கேட்' மட்டும் வேண்டாம். நகலெடுப்பதற்கும் வெட்டுவதற்கும் இடையில் வரும் வரிகள் போய்விடும்.

## தேர்வு 3: சிஸ்லாக்-என்ஜி

ஹங்கேரியின் பலாஸ் ஷைட்லர் 1998-இல் தொடங்கியது. ஆர்சிஸ்லாகுக்கு மூத்தது. இதன் கான்ஃபிக்கைப் படிப்பதே ஒரு நிம்மதி. எங்கிருந்து வருகிறது என்று ஒரு சோர்ஸ், எங்கே போக வேண்டும் என்று ஒரு டெஸ்டினேஷன், எதை மட்டும் என்று ஒரு ஃபில்டர், மூன்றையும் கோக்கும் ஒரு லாக் கட்டளை. முன்பின் பார்க்காதவர்கூட அரை மணி நேரத்தில் புரிந்துகொள்வார். ஐந்தாவது அளவுகோலில் இதுவே முதலிடம்.

பல மெஷின்களின் லாக்கை ஓரிடத்தில் சேர்க்கும் சர்வரில்தான் இது ஒளிர்கிறது. ஹோஸ்ட் பெயர், வருடம், மாதம், நாள் வாரியாக அடைவுகளைத் தானே உருவாக்கி எழுதும். நாளுக்கொரு கோப்பு என்று வைத்துவிட்டால், 180 நாள் கணக்கு மிக எளிதாகிறது: பழைய கோப்புகளை ஃபைண்ட் கட்டளையால் அழித்தால் போதும், லாக்ரொட்டேட்டே தேவையில்லை. ஃபயர்வால் வரிகளைப் பிரித்துப் புலங்களாக்கும் பார்சர்களும் உள்ளேயே இருக்கின்றன.

செலவுகள்? ரெட் ஹேட்டின் அடிப்படை ரெப்போவில் இது கிடையாது, ஈபெல் என்ற கூடுதல் ரெப்போவிலிருந்து எடுக்க வேண்டும். வெளி ரெப்போவுக்கு அனுமதி தராத அலுவலகங்களில் இங்கேயே கதை முடிந்துவிடும். கான்ஃபிக்கின் முதல் வரியில் பதிப்பு எண் இருக்க வேண்டும். பழைய எண்ணை அப்படியே விட்டு மென்பொருளை மட்டும் மேம்படுத்தினால் பழைய நடத்தையிலேயே ஓடும். ஷைட்லரின் பலாபிட் நிறுவனம் 2018-இல் ஒன் ஐடென்டிட்டியின் கைக்குப் போனது. பின்னர் ஷைட்லரே ஆக்சோஃப்ளோ என்ற நிறுவனத்தின் வழியாக ஆக்சோசிஸ்லாக் என்று தனிக் கிளை தொடங்கிவிட்டார். இரண்டில் எது நீண்ட நாள் நிற்கும் என்ற யோசனையும் இப்போது தேர்வோடு சேர்ந்துகொள்கிறது.

இது தொலைக்கும் இடம், கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒருமுறையாவது வந்து நிற்பது: டிசிபி சோர்ஸில் 'மேக்ஸ்-கனெக்ஷன்ஸ்' இயல்பாக 10. பதினோராவது சர்வரைச் சேர்த்ததும் அதன் இணைப்பு நிராகரிக்கப்படும். சேகரிக்கும் சர்வரின் சொந்த லாகில் அதற்கு ஒரு வரி இருக்கும். ஆனால் அதை யார் பார்க்கிறார்கள்? சின்ன அளவில் சோதித்துவிட்டு உற்பத்திக்குக் கொண்டுபோகிறவர்கள் இந்த எண்ணை முதலிலேயே கூட்டிவிடுங்கள். அத்தோடு லாக் கட்டளையில் ஃப்ளோ-கண்ட்ரோல் (அனுப்ப முடியாதபோது வரத்தை மெதுவாக்குவது) கொடியும், டெஸ்டினேஷனில் டிஸ்க்-பஃபரும் (டிஸ்கில் தேக்குவது) தானாக வராது. இரண்டையும் நாமே போட வேண்டும்.

## பிஎஸ்டி, பிஸிபாக்ஸ்

லினக்ஸ் அல்லாத ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளங்களை வைத்திருப்பவர்கள் இந்தக் குழப்பத்துக்குள்ளேயே வர வேண்டாம். அடிப்படையிலேயே வரும் சிஸ்லாக்டியும், கோப்புகளைச் சுழற்றும் நியூசிஸ்லாகும் பெரும்பாலோருக்குப் போதும். ஓப்பன்பிஎஸ்டியின் சிஸ்லாக்டிக்கு டிஎல்எஸ்ஸில் (மறையாக்கிய இணைப்பு) அனுப்பவும் தெரியும்.

ஆல்பைனிலும் சின்னச் சாதனங்களிலும் இருக்கும் பிஸிபாக்ஸ் சிஸ்லாக்டி இயல்பாக 200 கேபி வரை எழுதி, ஒரே ஒரு பழைய பிரதியை மட்டும் வைத்துக்கொள்ளும். அதை உள்ளூர் ஆவணமாக நம்பாதீர்கள். '-ஆர்' கொடுத்து வெளியே அனுப்பிவிடுங்கள்.

## பக்கத்தில் பக்கமாக

| அளவுகோல் | ஜர்னல்டி மட்டும் | ஆர்சிஸ்லாக் | சிஸ்லாக்-என்ஜி |
|---|---|---|---|
| ரீபூட்டைத் தாண்டுமா | பெர்சிஸ்டென்ட் போட்டால் | ஆம் | ஆம் |
| வெளியே அனுப்புதல் | தனி வழி, சாதனங்களுக்குப் பொருந்தாது | யூடிபி, டிசிபி, டிஎல்எஸ், ஆர்ஈஎல்பி | யூடிபி, டிசிபி, டிஎல்எஸ் |
| நெட்வொர்க் அறுந்தால் | ஜர்னலே தேக்கம் | தனி வரிசை எழுதினால் தேங்கும் | டிஸ்க்-பஃபர் எழுதினால் தேங்கும் |
| 180 நாள் | இடத்தைக் கூட்டுவது மட்டுமே வழி | லாக்ரொட்டேட் மாற்ற வேண்டும் | நாள்வாரிக் கோப்பு, எளிது |
| தேடுதல் | மிக எளிது, ஜர்னல்சிடிஎல் வேண்டும் | கிரெப் | கிரெப், புலவாரியாகவும் |
| அடுத்தவருக்குப் புரிதல் | கான்ஃபிக் மிகச் சிறிது | மூன்று எழுத்து முறைகளின் குழப்பம் | தெளிவு |
| மறைமுக வரம்பு | 30 விநாடி/10,000. 4 ஜிபி | ஐஎம்ஜர்னல் 600 விநாடி/20,000 | 10 இணைப்புகள் |

## யாருக்கு எது

ஒரே ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்), அதில் ஒரு வலைத்தளம், சட்டக் கடமை ஏதும் இல்லை என்றால் ஜர்னல்டி மட்டும் போதும். மேலே சொன்ன கோப்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். பழக்கம் விடவில்லை என்பதற்காக ஆர்சிஸ்லாகை நிறுவினால் டிஸ்கும் பராமரிப்பும்தான் கூடும்.

இரண்டு மூன்று சர்வர்கள் ஆனதும் கணக்கு மாறுகிறது. அப்போதிலிருந்து லாக் வெளியே போகத்தான் வேண்டும். உள்ளே புகுந்தவன் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆகிவிட்டால் உள்ளூரில் இருக்கும் எதையும் நம்ப முடியாது. ஜர்னலுக்கு முத்திரையிடும் சீல் வசதி, பழைய பதிவில் கை வைத்திருந்தால் காட்டிக்கொடுக்கும். மொத்தமாக அழிப்பதை அது தடுக்காது. இந்த அளவுக்கு ஆர்சிஸ்லாகே என் தேர்வு, இரு முனையிலும். ஏற்கெனவே இருக்கிறது, கற்க வேண்டியது மேலே உள்ள அந்த ஆக்ஷன் மட்டுமே.

பத்துப் பதினைந்து சர்வர்களுக்கு மேல், கூடவே சுவிட்ச், ஃபயர்வால், வைஃபை கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் அனுப்புகின்றன என்றால் கலந்து வையுங்கள். சர்வர்களில் டிஸ்ட்ரோவோடு வரும் ஆர்சிஸ்லாக், சேகரிக்கும் இடத்தில் சிஸ்லாக்-என்ஜி. இரண்டும் ஆர்எஃப்சி 5424 வடிவத்தையும் 6514 போர்ட்டில் டிஎல்எஸ்ஸையும் பேசும் என்பதால் ஒத்துப்போகும். ஒரே மென்பொருள்தான் எங்கும் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. ஒப்புகை கட்டாயம் என்கிற தணிக்கைச் சூழலில் மட்டும் சேகரிப்பிலும் ஆர்சிஸ்லாக் வைத்து ஆர்ஈஎல்பிக்குப் போய்விடலாம்.

நிரல்களைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்துகிறவர்கள் இந்த மூன்றில் எதை எடுத்தாலும், முதலில் டாக்கரின் லாக் டிரைவரைப் பாருங்கள். இயல்பாக இருக்கும் ஜேசன்-ஃபைல் டிரைவருக்கு அளவு வரம்பே இல்லை, டிஸ்க் நிரம்பும் வரை எழுதும். டிரைவரை ஜர்னல்டி என்று மாற்றிவிட்டால் கன்டெய்னர் லாகும் மற்றவற்றோடு ஒரே பாதையில் போகும்.

## தேர்ந்தெடுத்த பிறகு

கான்ஃபிக் எழுதி முடித்த அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு சர்வரில் 1 முதல் 1000 வரை எண் போட்டு, 'லாகர் -ப்பி லோக்கல்0.நோட்டீஸ்' கட்டளையால் வரிக்கு வரி செய்தி அனுப்பும் சின்ன லூப் ஒன்றை, விநாடிக்குப் பத்து வரி வீதம் ஓடவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சேகரிக்கும் சர்வரின் போர்ட்டை ஃபயர்வாலில் அடையுங்கள். அரை நிமிடம் கழித்துத் திறந்துவிடுங்கள். பிறகு இரு முனையிலும் எண்களை எண்ணிப் பாருங்கள். உள்ளூரில் ஆயிரமும் இருந்து, அங்கே நடுவில் முந்நூறு வரிகள் இல்லையென்றால் வரிசை வேலை செய்யவில்லை. இரண்டே இரண்டு வரிகள் மட்டும் இல்லையென்றால் அது சாதாரண டிசிபியின் பஃபர் ஓட்டை, தாங்குமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உள்ளூரிலேயே குறைந்தால் ஆக்ஷன் அடைத்துக்கொண்டு நிற்கிறது.

அடுத்து, அடைத்த நிலையிலேயே அனுப்பும் சர்வரை ரீபூட் செய்து, பிறகு திறந்து, தேங்கியவை வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள். 'சேவ்ஆன்ஷட்டவுன்' விடுபட்டிருந்தால் இங்கே தெரிந்துவிடும். கடைசியாக, லூப்பின் தூக்கத்தை எடுத்துவிட்டு ஐம்பதாயிரம் வரிகளை ஒரே மூச்சில் அனுப்புங்கள். எந்த எண்ணுக்குப் பிறகு வரிகள் விடுபடத் தொடங்குகின்றன என்று பார்த்து, அதைக் கான்ஃபிக் கோப்பின் தலையில் ஒரு குறிப்பாக எழுதிவையுங்கள். அடுத்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு அது உதவும்.